நம் வீட்டு வந்தியத்தேவன்

பெண்ணுக்கு வரன் நிச்சயமாகிவிட்டது என்று கேள்விப்படும் தகப்பனாரின் மனநிலை விசித்திரமானது. ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம் கவலை. மாப்பிள்ளை நல்லவன்தானா, பெண்ணைக் கண் கலங்காமல் வைத்துக் கொள்வானா என்று ஆயிரம் விசாரங்கள். பிரியமான ஒரு கதை படமாகப் போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் ரஸிகர்கள் அடையும் நிலையும் ஏறக்குறைய இதுதான். 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் இந்த அவஸ்தையை அறுபது வருஷங்களுக்கு மேல் அனுபவித்திருக்கின்றன.

1958-ல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்கப் போவதாக அறிவித்தார். படம் வரவில்லை. பிற்காலத்தில் கமல்ஹாசன் முயன்றார். மணிரத்னமும் ஒரு முறைக்கு மேல் தொடங்கிக் கைவிட்டார். செய்தி வரும்போதெல்லாம் ரஸிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். முயற்சி நின்றுவிட்டது என்று அறிந்தபோது வருத்தப்பட்டார்கள். உள்ளுக்குள்ளே சிறிது நிம்மதியும் அடைந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகாது! கடைசியில் 2022 செப்டம்பர் 30-ந் தேதி முதற் படமும், 2023 ஏப்ரல் 28-ந் தேதி இரண்டாம் படமும் திரைக்கு வந்து சேர்ந்தன.

அதற்கு முன் நடந்த வாதப் பிரதிவாதங்களை என்னவென்று சொல்வது! வந்தியத்தேவனாகக் கார்த்தி, குந்தவையாகத் திரிஷா, நந்தினியாக ஐசுவர்யா ராய் என்று செய்தி வெளியானதும் வீட்டுக்கு வீடு சபை கூடிற்று. எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் சரித்திர ஆசிரியர் சோழர் காலத்து ஆடை ஆபரணங்களைப் பற்றிக் கவலைப்பட்டார். கணக்கு ஆசிரியரோ, "ஐந்து பாகம், இரண்டு படம், ஆகவே படத்துக்கு இரண்டரைப் பாகம். மிச்சத்தை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார். எண்பது வயதைக் கடந்த என் பாட்டியாருக்கு இந்தத் தர்க்கங்கள் ஒன்றும் ரஸிக்கவில்லை. "பூங்குழலி படகு ஓட்டுகிறாளா, இல்லையா? அதைச் சொல்" என்றார்.

பாட்டியார் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் இந்தக் கதை தொடங்கியபோது அவர் சிறு பெண். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரை மேல் வந்த வீரனை அவர் வாரந்தோறும் பின்தொடர்ந்து சென்றிருக்கிறார். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். பிறகு அந்தப் பக்கங்களைப் பத்திரமாகக் கிழித்து எடுத்துப் பைண்டு செய்து வைத்தார்கள். மூன்றரை வருஷ காலம் ஒரு கதையுடன் கூடவே வளர்ந்தவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லாமல் போகுமா?

அந்தப் பாத்தியதையை அன்றைய வாசகர்கள் தயங்காமல் கொண்டாடினார்கள். 1954-ல் நாவல் முடிந்ததும், இப்படித் திடீரென்று முடிக்கலாமா, இன்னார் பிற்பாடு என்ன ஆனார், இன்னாருக்குக் கலியாணம் ஆயிற்றா என்றெல்லாம் கேள்விகள் குவிந்தன. கல்கி அவர்கள் முடிவுரை ஒன்று எழுதிச் சமாதானம் சொல்லும்படி நேர்ந்தது. ஆகவே, இந்தக் கதையைப் பற்றிக் குறைப்பட்டுக் கொள்வது இன்றைய ரஸிகர்கள் கண்டுபிடித்த காரியம் அல்ல.

"நம் மனத்திலிருந்த முகங்களைச் சினிமா அழித்து விட்டதே!" என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த முகங்களை நாமே தனியாகப் படைத்துக் கொண்டோமா? தொடர்கதை வெளிவந்த காலத்திலேயே ஓவியர் மணியம் தமது தூரிகையினால் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்து விட்டார். பிறகு அதே பத்திரிகையில் கதை மறுபடி வெளியானபோது பத்மவாசன் முதலிய ஓவியர்கள் வேறு முகங்களைத் தந்தார்கள். என் பாட்டியாரின் வந்தியத்தேவன் வேறு. என் வந்தியத்தேவன் வேறு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை சச்சரவின்றி வாசம் செய்து வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவன் வந்தால் இடம் போதாமற் போய்விடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் என் மனம் சமாதானம் அடையவில்லை. படத்தில் மணிமேகலை இல்லை. கடம்பூர் சம்புவரையரின் அருமை மகள், வந்தியத்தேவன் மீது தன் பேதை நெஞ்சை வைத்தவள், அடியோடு மறைந்து போனாள். நாவலின் கடைசி அத்தியாயம் அவளுடையது. இராஜ்யங்களும் சதிகளும் ஓய்ந்த பிறகு, ஒரு பெண்ணின் மரணத்தில் கதை முடிகிறது. பட்டாபிஷேகத்தை விட அந்த முடிவே வாசகர் நெஞ்சில் நிலைத்து நிற்கிறது. இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. அவளுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

டைரக்டருக்கு அப்படிச் செய்ய உரிமை இல்லையா? உண்டு. கல்கி அவர்களும் சரித்திரத்திடம் இதே சலுகையை எடுத்துக் கொண்டவர்தான். ஆதித்த கரிகாலன் கொலையுண்ட செய்தியும், கொலையில் சம்பந்தப்பட்ட ரவிதாஸன் முதலியவர்களின் பெயர்களும் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். கல்வெட்டிலிருந்து நாவலாசிரியர் வேண்டியதை எடுத்துக் கொண்டார். நாவலிலிருந்து டைரக்டர் எடுத்துக் கொண்டார். அவர் எதை விட்டுவிட்டார் என்று சொல்லும் உரிமை வாசகருக்கு உண்டு. அந்த உரிமையைப் பெற ஒரே வழி புத்தகத்தைப் படிப்பதுதான்.

படம் வந்த பிறகு என் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் பாகத்தை இரவல் கேட்டாள். கொடுத்தேன். அரைப் பரீட்சைக்கும் முழுப் பரீட்சைக்கும் நடுவே ஐந்து பாகங்களும் ஒவ்வொன்றாய்ப் போய் வந்தன. கடைசிப் பாகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் முகம் வீங்கியிருந்தது. "மணிமேகலையை ஏன் சார் விட்டுவிட்டார்கள்?" என்று, ஏதோ நான்தான் படம் எடுத்தவன் போல, கோபத்துடன் கேட்டாள்.

அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்திற்கு அளவேயில்லை.