சதுரங்கத்தில் எண்ணும் கண்ணும்

திருக்கோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மாலைப்பொழுது, எம்மிடம் பயிலும் மாணவனொருவன் தன் கைப்பேசியை எம்முன் நீட்டினான். அன்று வெள்ளைக்காய்களுடன் ஆடித் தோற்ற சதுரங்க ஆட்டத்தைக் கணனிநிரல் ஆராய்ந்து, இருபதாவது நகர்த்தலில் –1.8 எனக் காட்டியிருந்தது. "அங்கேயே தோற்றுவிட்டேன் சேர். எனக்கு இந்த விளையாட்டு வராது" என்றான். அவன் எண்ணைக் கண்டானேயன்றி அதன் பொருளைக் கண்டானல்லன்.

அத்திரையில் அறியத்தக்கன மூன்று. முதலாவது மதிப்பெண். கூட்டற்குறி வெள்ளைக்கும், கழித்தற்குறி கறுப்புக்கும் மேன்மையைக் குறிக்கும். முன்னர் 1.0 என்பது ஏறத்தாழ ஒரு காலாளின் பெறுமதி. ஸ்ரொக்ஃபிஷ் என்னும் புகழ்பெற்ற நிரலிலோ, 2022 டிசம்பர் முதல், இருபுறமும் அந்நிரலே ஆடினால் வெற்றிக்குச் சரிபாதி வாய்ப்பு என்பதே அதன் பொருள். 0.00 என்பது சமநிலை.

இரண்டாவது ஆழம். ஆழம் 20 எனின், ஒவ்வொரு புறத்துக்கும் ஏறத்தாழப் பத்து நகர்த்தல்கள் வரை நிரல் முன்னோக்கியது என்க. நம் துறைமுகத்தின் ஆழம் உலகறிந்தது. முற்காலத்து மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிக் கடலின் ஆழம் கண்டனர். குண்டு தரையைத் தொடுமுன் அளவு சொல்லலாமோ? ஆழம் 10இல் தோன்றிய எண் 30இல் மாறிவிடக்கூடும். ஆதலின் பொறுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணின் அருகே காணும் நகர்த்தல் வரிசை. இருவரும் சிறப்புற ஆடினால் ஆட்டம் செல்லுமென நிரல் கருதும் வழி அது. எண்ணுக்குக் காரணத்தை அங்கேதான் தேடல் வேண்டும்.

2024 டிசம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம் நடந்தது. சென்னையின் குகேஷும் சீனத்தின் டிங் லிரெனும் அதுவரை சம புள்ளிகள் பெற்றிருந்தனர். ஒரு காலாள் குறைந்திருந்தும் டிங்குக்கு ஆட்டம் சமநிலையே எனக் கணனிகள் காட்டின. 55ஆவது நகர்த்தலில் அவர் கோட்டைகளை வெட்டிக்கொள்ள இடங்கொடுத்தார். மூலையில் அகப்பட்ட அவருடைய பிஷப்பும் அதனால் வெட்டுப்பட நேர்ந்தது. மேலும் மூன்று நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதுக் குகேஷ் உலகச் சாம்பியனானார். சமநிலைக்கு வழி உண்டென்று எண் சொல்லிற்று; களைத்த மனிதன் அவ்வழியே தவறாது நடப்பான் என்று சொல்லவில்லை.

மாணவனின் ஆட்டத்துக்கு மீள்வோம். வரிசையைப் பலகையில் வைத்து நகர்த்திப் பார்த்தோம். எதிராளியும் அவ்வழியைக் கண்டிலன். நான்கு நகர்த்தல்களின் பின் எண் –0.3க்குத் திரும்பியிருந்தது. தோல்விக்குக் காரணம், 34ஆவது நகர்த்தலில் இவன் அவசரப்பட்டு இழந்த குதிரையே.

மாணவர்க்கு எம் யோசனை இதுதான்: ஆட்டம் முடிந்ததும் உங்கள் கருத்தை முதலில் கொப்பியில் எழுதுங்கள், பின்னரே கணனியைக் கேளுங்கள். இரண்டும் வேறுபடும் இடமே நீங்கள் கற்கவேண்டிய இடம். எம் மாணவன் மறுநாள் ஒரு புதிய கொப்பியுடன் வந்தான்.