ஒரு துளி உறை போதும்: பறவைக் காய்ச்சலை ஆய்வுகூடம் எப்படிப் பிடிக்கிறது?

வளவில் நிற்கிற கோழி சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் தூங்கினால், கல்முனைக் கரையில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: ராணிக்கட். அடுத்த வீட்டுக் கோழியும் சாய்ந்தால் தீர்ப்பு இன்னும் உறுதியாகிவிடும். பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பறவைக் காய்ச்சல் வந்த கோழியும் இதே மாதிரித்தான் சாயும். 2006 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பண்ணைக் கோழிகள் கூட்டமாகச் செத்தபோது அங்கேயும் ராணிக்கட் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பெப்ரவரியில் போபால் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுகூடம் சொன்ன விடை வேறு: எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ். இந்தியாவில் அந்த வைரஸ் பிடிபட்டது அதுவே முதல் தடவை.

கண்ணால் பிரித்தறிய முடியாத இரண்டு நோய்களை ஆய்வுகூடம் சில மணி நேரத்தில் எப்படிப் பிரிக்கிறது? வீட்டில் தயிர் போடுகிறவர்களுக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரியும்.

காய்ச்சி ஆறவைத்த எருமைப் பாலில் ஒரு துளி உறை விட்டால் விடியும்போது சட்டி முழுக்கத் தயிர். துளியில் இருந்த நுண்ணுயிர் இரண்டாகி, நாலாகி, எட்டாகிப் பாலையே மாற்றிவிடுகிறது. பி.சி.ஆர். சோதனையும் இதைத்தான் செய்கிறது. கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத அளவில் இருப்பதை, தெரிந்தே ஆகவேண்டிய அளவுக்குப் பெருக்கிக் காட்டுகிறது.

முதலில் உறைத் துளியை எடுக்க வேண்டும். கால்நடை வைத்தியர் கோழியின் தொண்டையிலும் கழிவுவாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, வைரஸ் கெடாமல் வைத்திருக்கும் திரவக் குழாயில் அதைப் போட்டு, ஐஸ் பெட்டியில் அனுப்புவார். ஆய்வுகூடத்தில் குழாயைத் திறப்பது காற்று வெளியே கசியாத பாதுகாப்புப் பெட்டிக்குள். அங்கே ஓர் இரசாயனக் கரைசல் வைரஸின் வெளிச்சவ்வை உடைக்கிறது. அதோடு வைரஸ் செத்துவிடும். உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. மட்டும் பிரித்தெடுக்கப்படும். எச்சத்தில் இருக்கும் கண்டதும் கூடவே வந்தால் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், நன்றாகக் கழுவிப் பிரிப்பது இங்கே பாதி வேலை.

பெருக்கும் நொதிக்கு ஆர்.என்.ஏ.யைப் படிக்கத் தெரியாது, டி.என்.ஏ. மட்டும்தான் தெரியும். எனவே 1970இல் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொரு நொதி முதலில் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக எழுதித் தருகிறது.

பிறகு வருவதுதான் உறை ஊற்றும் வேலை. கருவி குழாயை ஏறத்தாழ 95 பாகைக்குச் சூடாக்கும்போது டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. 60 பாகை அளவுக்கு ஆறும்போது ஒவ்வோர் இழைக்கும் ஒரு ஜோடி உருவாகிறது. ஒன்று இரண்டாயிற்று. இப்படிச் சுமார் 40 சுற்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால், 30 சுற்றில் ஒரு பிரதி நூறு கோடியைத் தாண்டிவிடும். தயிருக்கு ஓர் இரவு வேண்டும், கருவிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். உறையைக் கொதிக்கும் பாலில் விட்டால் செத்துவிடும் என்று எந்த உம்மாவுக்கும் தெரியும். இங்கேயோ ஒவ்வொரு சுற்றிலும் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் வரவேண்டும். அதைத் தாங்கும் நொதி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து கிடைத்தது. 1983இல் இந்த முறையைக் கண்டறிந்த கேரி மல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் எச்சிலிலும் எச்சத்திலும் ஆயிரம் உயிரிகளின் டி.என்.ஏ. இருக்குமே, எல்லாமே பெருகிவிடாதா? பெருகாது. இந்தப் பால் ஒரே ஒரு உறைக்குத்தான் தயிராகும். ‘பிரைமர்’ என்னும் சிறு துண்டுகள் தமக்குப் பொருந்தும் வரிசை கிடைத்தால்தான் ஒட்டும், அவை ஒட்டினால்தான் பிரதி எடுக்கத் தொடங்கும். ராணிக்கட் வைரஸின் வரிசை வேறு, அதற்கு வேறு பால். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வைத்துப் பார்த்தால் வளவில் தொடங்கிய சந்தேகம் அங்கே தீரும்.

பறவைக் காய்ச்சலுக்கு முதலில் தேடுவது ‘எம்’ என்னும் மரபணுவை. பறவைக் காய்ச்சல் வைரஸ் சேரும் இன்ஃபுளுவென்சா ஏ வகை எல்லாவற்றிலும் அது அதிகம் மாறாமல் இருக்கும். அது இருந்தால் அடுத்த கேள்வி, எச்5ஆ, எச்7ஆ? கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வகைகள் இந்த இரண்டுக்குள்தான் வருகின்றன. அதற்கும் மேலே போய், வைரஸின் ஒரு புரதம் வெட்டுப்படும் இடத்தின் மரபணு வரிசையைப் படித்தால், அது கொடிய வகையா, சாதுவா என்றும் தெரியும்.

தயிர் எப்போது உறைகிறது என்பதிலும் சேதி இருக்கிறது. உறையை அள்ளி விட்டால் சீக்கிரம் உறையும், துளி விட்டால் தாமதமாகும். கருவியும், பிரதிகள் பெருகி எத்தனையாவது சுற்றில் குழாய் ஒளிரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறது. 18ஆவது சுற்றில் ஒளிர்ந்தால் வைரஸ் மலிந்து கிடக்கிறது, 36இல் என்றால் சொற்பம். மூன்று சுற்றுக்குச் சற்று மேல் முந்தினால் பத்து மடங்கு அதிகம் என்பது கணக்கு.

பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்தாலும் இந்தப் பாலும் தயிராகிவிடும். அதனால் உறையே விடாத ஒரு சட்டி எப்போதும் கூடவே ஓடும். அது உறைந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு. நிச்சயமாக உறை விட்ட சட்டி ஒன்றும் உண்டு, அது உறையாவிட்டால் பாலில் கோளாறு. இந்த இரண்டும் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

பதினைந்து நிமிடப் பட்டைச் சோதனையும் இருக்கிறது. அதில் பெருக்கல் கிடையாது. வைரஸ் ஏராளமாக இருந்தால் கோடு விழும், கொஞ்சமாக இருந்தால் விழாது. கோடு விழவில்லை என்பதற்காக நிம்மதியடையக் கூடாது. பி.சி.ஆருக்கும் ஒரு குறை உண்டு: தயிருக்கு உயிருள்ள உறை வேண்டும், பி.சி.ஆர். செத்த வைரஸின் துண்டையும் பெருக்கிக் காட்டும். உயிருள்ள வைரஸ்தானா என்று பார்க்க, இன்றும் 9 முதல் 11 நாள் அடைகாத்த முட்டைக்குள் மாதிரியைச் செலுத்திக் காத்திருக்கிறார்கள். பல நாள் பிடிக்கும்.

இது நமக்கு எதற்கு? கடலுக்கு அப்பால் கேரளத்தின் குட்டநாட்டில் 2014இல் தாராக்களுக்கு எச்5என்1 வந்து லட்சக்கணக்கில் அழிக்க நேர்ந்தது. 2024 ஏப்ரலில் அந்தப் பகுதியிலுள்ள ஆலப்புழை மாவட்டத்தில் மறுபடியும் வந்தது. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வரும் நீர்ப்பறவைகள் அங்கே மட்டும் இறங்குவதில்லை. குமண வரையுள்ள நம் களப்புகளிலும் குளங்களிலும் இறங்குகின்றன. நோய் தெரியாமலே வைரஸைச் சுமக்கும் காட்டுத் தாராக்களும் உண்டு.

நம் பக்கத்துக் கோழி மாதிரி போக வேண்டியது பேராதனைக்கு அருகே கன்னொருவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. மனிதருக்கென்றால் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். கருவிக்கு இரண்டு மணி நேரம் போதும். மலை ஏறிப் போகும் வழிக்கு அதைவிட நேரம் எடுக்கும். எல்லாவற்றையும் விட அதிக நாளைத் தின்பது, கோழி செத்ததை யாருக்கும் சொல்லாமல் இருப்பது.

செத்துவிட்டால் ஹராமாகிவிடுமே என்று மூச்சிருக்கும்போதே அறுத்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. நன்றாக வெந்த இறைச்சியில் வைரஸ் பிழைக்காது. ஆபத்து அதற்கு முன்னால், அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் குடல் எடுக்கும்போதும்தான். பிற நாடுகளில் மனிதருக்கு எச்5என்1 தொற்றியது பெரும்பாலும் நோயுற்ற பறவைகளை இப்படிக் கையாண்டபோதே. ஆகவே நாலைந்து கோழி ஒன்றாகச் சாய்ந்தால் கத்தியை எடுக்காதீர்கள், செத்ததைக் களப்பிலும் வீசாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கே பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.