பந்து போட்டவர் தீர்ப்பும் சொன்னார்!

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு கூச்சல் கேட்கும். "அவுட்!" என்பான் பந்து போட்டவன். "இல்லை!" என்பான் மட்டை பிடித்தவன். ஆட்டத்தைவிட வாக்குவாதமே நீளும். நடுவராக நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. "எனக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

அந்த வம்பு வேலையை விரும்பி ஏற்று, உலகம் முழுவதும் சென்று தீர்ப்புச் சொன்னவர் சென்னையைச் சேர்ந்த எஸ்.வெங்கடராகவன்.

கிண்டி மாணவர்

1945-ல் பிறந்த இவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-ல், 19 வயதிலேயே, நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அதே தொடரில் டெல்லி டெஸ்டில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1983 வரை 57 டெஸ்டுகள் ஆடி, 156 விக்கெட்டுகள் எடுத்தார். 1975, 1979 உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்திய அணிக்குத் தலைவரும் அவரே.

1979-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 438 ரன். கவாஸ்கர் 221 ரன் குவித்தார். ஆனால் நேரம் முடிந்தபோது எண்ணிக்கை 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பதே ரன்னில் வெற்றி கை நழுவியது. அதன்பின் தலைமைப் பதவி கவாஸ்கரிடம் போயிற்று.

வெள்ளைக் கோட்டு

1993-ல் டெஸ்ட் மைதானத்துக்கு மீண்டும் வந்தார். இப்போது கையில் பந்து இல்லை. உடம்பில் நடுவரின் வெள்ளைக் கோட்டு. 18 ஆண்டுகள் "அவுட்டா?" என்று கேட்டவர், இனி பதில் சொல்ல வேண்டியவர்!

அது லேசான காரியமா? பந்து காலில் பட்டதும் எல்லோரும் கத்துவார்கள். பந்து எங்கே விழுந்தது, கால் எந்த நேரில் இருந்தது, தடுக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் நொடிப்பொழுதில் விடை காண வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கும் முறை அப்போது கிடையாது. ஒரு தவறு போதும், ஆடிச் சம்பாதித்த பெயர் கெடுவதற்கு. அணித் தலைவராக இருந்த ஒருவர் அதற்குத் துணிந்ததுதான் ஆச்சரியம்.

1999 உலகக் கோப்பை அரை இறுதி. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆளுக்கு 213 ரன் எடுத்துச் சமநிலையில் முடித்த அந்தப் பரபரப்பான ஆட்டத்தில் நடுவர்களாக நின்றவர்கள் ஷெப்பர்டும் வெங்கடராகவனும்தான்.

2002-ல் உலக கிரிக்கெட் சங்கம் முதல் முறையாக உயர்நிலை நடுவர் குழுவை அமைத்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவரே. 2003-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2004-ல் ஓய்வு பெற்றபோது கணக்கு: நடுவராக 73 டெஸ்டுகள். ஆடியதைவிட 16 அதிகம்!

ஆடி ஓய்ந்தவரின் அனுபவம் வீணாவதில்லை. பல்லாவரத்துப் பையன்களின் சண்டையைத் தீர்க்கவும் பழைய ஆட்டக்காரர் ஒருவர் முன்வந்து நின்றால் போதும். கூச்சல் குறையும், ஆட்டம் நடக்கும்.