நோயாளியை நலம் விசாரிக்கப் போகும் நமது கைகள்

அண்மையில் சாச்சாவைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். அவரைத் தனியறைக்கு மாற்றியிருந்தார்கள். கையுறை அணியாமல் உள்ளே வர வேண்டாமென்று கதவில் அறிவித்தல். வெளியே நின்ற உறவினர்கள், "என்ன வருத்தமோ, மறைக்கிறாங்க" என்று கிசுகிசுத்துக் கொண்டிருந்தார்கள். சாச்சி வெட்கத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

வைத்தியரிடம் கேட்டேன். சாச்சாவின் குடலில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பக்டீரியா இருக்கிறது, ஆனால் அதனால் அவருக்கு இப்போது எந்த நோயும் இல்லை என்றார். நம்மில் பலருக்கு விளங்காத விடயம் இதுதான்.

மனிதக் குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. நாம் அன்டிபயோட்டிக் எடுக்கும்போது நோய்க்கிருமியுடன் சேர்ந்து இவையும் அழிகின்றன. மருந்தை எதிர்த்து நிற்கக்கூடியவை மட்டும் எஞ்சி, வெற்றிடத்தில் பெருகுகின்றன. அந்த எதிர்ப்புச் சக்திக்குரிய மரபணுவை அருகிலுள்ள வேறு பக்டீரியாக்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. குடலில் இருக்கும்வரை அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. சிறுநீர்க் குழாய் வழியாகவோ சத்திரசிகிச்சைக் காயம் வழியாகவோ உடலுக்குள் நுழைந்தால்தான் ஆபத்து. அப்போது கொடுக்கக்கூடிய மருந்துகள் மிகக் குறைவாகவே இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் சான்று. 2011 ஜூனில், பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்தின் வைத்தியசாலைக்கு ஒரு பெண் கொண்டுவரப்பட்டார். கடைசி நிலை மருந்துகளான கார்பபெனம்களுக்கும் அடங்காத கிளெப்ஸியெல்லா அவரிடம் இருந்தது. அவரைத் தனிமைப்படுத்தியே சிகிச்சையளித்தார்கள். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். மூன்று வாரங்களின் பின் இன்னொரு நோயாளியிடம் அதே கிருமி வெளிப்பட்டது. மொத்தம் 18 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 11 பேர் இறந்தனர். 6 மரணங்களுக்கு இக்கிருமியே காரணம் என்று கண்டறியப்பட்டது.

இடைப்பட்ட வாரங்களில் கிருமி எங்கே ஒளிந்திருந்தது? நோய் அறிகுறியே இல்லாத நோயாளிகளின் குடலில்தான். தொட்டி வடிகால்களிலும், சுத்தம் செய்யப்பட்ட ஒரு சுவாசக் கருவியிலும்கூட அது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு வசதிகள் கொண்ட வைத்தியசாலைக்கே அந்த நிலை என்றால், ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும் நமது வாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கிருமி முக்கியமாகக் கைகள் வழியாகவே பரவுகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தான நற்செயல். அதை விடச் சொல்லவில்லை. கூட்டமாகப் போகாமல் ஓரிருவராகப் போவோம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவோம். வுழூவுடன் இருக்கிறோம் என்பதற்காகச் சவர்க்காரத்தைத் தவிர்க்கக் கூடாது. கட்டிலில் அமர்வதையும், ஒரு நோயாளியைத் தொட்ட கையால் பக்கத்துக் கட்டில்காரரைத் தொடுவதையும் தவிர்ப்போம். நோயாளிக்கு மலசலம் சுத்தம் செய்துவிடும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மருந்து. தடிமனுக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. ஆனாலும் பார்மசியில் கேட்டு வாங்குகிறோம். வீட்டில் மிஞ்சிய குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். குடலில் அந்தக் கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது நாமேதான். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

அன்று கை கழுவிவிட்டுச் சாச்சியின் அருகில் அமர்ந்து, வைத்தியர் சொன்னதை விளக்கினேன். "அப்ப இது வெட்கப்படுற வருத்தமில்லையா மகன்?" என்று கேட்டார். இல்லை சாச்சி, மற்றவர்களைக் காப்பாற்றத்தான் அந்த அறிவித்தல் என்றேன். கதவில் அப்படியோர் அறிவித்தலைக் கண்டால் வதந்தி பேசாமல் அதன்படி நடப்போம். அதுவும் அந்த நோயாளிக்கு நாம் செய்யும் உபகாரம்தான். அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக.