ஐந்து பேரேடுகளும் ஓர் அம்மணியும்

"கோயமுத்தூருக்குப் போகிறேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை; வீட்டில் உத்தரவு பிறந்துவிட்டது.

"வரும்போது ஒரு கிரைண்டர் வாங்கி வாருங்கள். கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்!"

கோவை வெட் கிரைண்டரின் கியாதி அப்படி. புவிசார் குறியீடே பெற்ற சாமான் அது. ஆகவே, போன காரியத்தை முடித்துக்கொண்டு, கணபதிப் பக்கத்தில் ஒரு சிறு கிரைண்டர் பட்டறைக்குள் நுழைந்தேன். கல் கொத்தும் ஓசை காதைத் துளைத்தது. முதலாளி என்னை உட்புறம் இருந்த காரியாலய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் அவர் பேசுவது என் காதில் விழுந்தது.

அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மாள். முதலாளி அவரை "அம்மணி" என்று கூப்பிட்டார். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பட்டறையின் கணக்கு அம்மணியின் கையில். கிரைண்டர் வாங்கப் போன நான், கணக்கெழுதும் கதை ஒன்றைக் கேட்டு வந்தேன். வாசகர்களும் கேட்கலாம்.

ஒரே பெயர், ஐந்து தடவை

"முந்தியெல்லாம் ஒரே பேரேடுங்க. கடைக்காரர் போன் பண்ணுவார், எழுதிக்குவேன். அவ்வளவுதானுங்க" என்றார் அம்மணி.

அப்புறம் காலம் மாறிற்று. கிரைண்டர் விற்க ஓர் இணையக் கடை வந்தது. பில் போட ஒரு சாஃப்ட்வேர் வந்தது. கூரியர் பதிய ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று, ரிப்பேர் புகார்களைக் குறித்து வைக்க இன்னொன்று. ஆக மொத்தம் ஐந்து. எல்லாம் மாத வாடகைக்கு எடுத்தவை. எல்லாம் 'கிளவுட்'டில் இருப்பவை. மேகம் என்றதும் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ குளிர்ச்சி செய்யப்பட்ட பெரிய கட்டடங்களில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள்தான் அந்த மேகம். நம் மேஜையில் இருப்பது அதன் ஜன்னல்.

ஐந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் ஒரு தெருவில் குடியிருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத குடித்தனங்கள்! இணையக் கடைக்கு வந்த ஆர்டர் பில் போடும் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. பில் போட்டது கூரியருக்குத் தெரியாது. நடுவில் தூது போனவர் அம்மணி. ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே தொலைபேசி எண். ஐந்து இடத்தில் ஐந்து தடவை தட்டச்சு. தீபாவளி சமயத்தில் இரவு கடைசி பஸ் வரைக்கும் தட்டச்சு.

"ஒரு நாள் தப்பு நடந்துருச்சுங்க" என்றார் அம்மணி. குரல் இறங்கியது.

மன்னார்குடியிலிருந்து ஒருவர் மகள் கல்யாணச் சீருக்காக கிரைண்டர் கேட்டிருந்தார். பணமும் கட்டிவிட்டார். மன்னார்குடியின் பின்கோடு 614001. அலுப்பில் அம்மணியின் விரல் இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டது: 641001. அது கோயமுத்தூரின் பின்கோடு! கிரைண்டர் ஊரை விட்டுப் போகாமல் உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் முடிந்து நாலாம் நாள்தான் விஷயம் வெளிப்பட்டது. சீர் வரிசையில் கிரைண்டர் வைக்க ஒதுக்கிய இடம் காலியாகவே இருந்ததாம்.

"அந்தப் பெண்ணோட அப்பா போனில் திட்டலீங்க. 'நாலு பேர் முன்னால தலை குனிஞ்சு நின்னேம்மா'ன்னு மட்டும் சொன்னாருங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை."

மருமகன் வந்தார்

முதலாளியின் தங்கை மகன் ஒருவர் பி.காம். படித்துவிட்டு வந்து சேர்ந்தார். மாமாவிடம், "இந்த அஞ்சையும் பேச வச்சுடலாம் மாமா" என்றார்.

"எஞ்சினீயரைக் கூப்பிடணுமாடா? லட்சக்கணக்கில் கேட்பாங்களே!"

"வேண்டாம் மாமா. கட்டம் போட்டுக் கோடு இழுத்தால் போதும்."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இத்தகைய சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கு 'ஏ.பி.ஐ.' என்று ஒரு வாசல் உண்டு. ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைய நமக்கு அனுமதி இல்லை. ஆனால் அவர்கள் கேட்கிற பாரத்தை அவர்கள் கேட்கிற மாதிரி பூர்த்தி செய்து நீட்டினால் டிக்கெட் கைக்கு வந்துவிடும். அது போலவே, ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றின் கவுண்டரில் பாரத்தை நீட்டலாம். நாம் யார் என்று காட்டுவதற்கு ஒரு ரகசியச் சாவியும் வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பாரத்தை நிரப்பவே புரோகிராம் எழுதத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

'லோ-கோடு' என்கிற ஏற்பாட்டில் அந்தச் சிரமம் குறைவு. திரையில் கட்டங்கள் தயாராக இருக்கின்றன. 'புது ஆர்டர் வந்தால்' என்று ஒரு கட்டம். அதிலிருந்து கோடு இழுத்து, 'பில் போடு'. அடுத்து, 'கூரியர் பதிவு செய்'. அடுத்து, 'சரக்கிருப்பில் ஒன்று கழி'. கடைசியில், 'வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்'. இங்கே இருக்கிற 'பெயர்' அங்கே இருக்கிற 'வாடிக்கையாளர்' என்று ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துவிட வேண்டும். கல்யாணத் தரகர் வேலை! எங்காவது சிக்கலான கணக்கு வந்தால் மட்டும் நாலைந்து வரி புரோகிராம் எழுதிக்கொள்ளலாம். 'குறைந்த கோடு' என்று பெயர் வந்த காரணமே அதுதான்.

மூன்று நாளில் மருமகன் கோடு இழுத்து முடித்துவிட்டார். அம்மணி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"மெய்யைச் சொல்றனுங்க. 'அம்மணி, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்'னு முதலாளி எப்ப சொல்வாரோன்னு பார்த்துட்டு இருந்தனுங்க. பையன் காலேஜ் கடைசி வருஷம்."

யந்திரம் செய்த தவறு

முதல் வாரம் அமர்க்களமாக நடந்தது. இரண்டாவது வாரம், ஈரோட்டில் ஒரே வீட்டுக்கு இரண்டு கிரைண்டர் போய் நின்றது!

மருமகன் திகைத்துப் போனார். நடந்தது இதுதான். ஆர்டர் வந்த செய்தியை இணையக் கடை இந்தப் பக்கம் தள்ளும். 'கிடைத்தது' என்று உடனே பதில் வராவிட்டால், போய்ச் சேரவில்லையோ என்று மறுபடியும் தள்ளும். அன்றைக்குப் பதில் போகத் தாமதம். கடை இரண்டாம் தடவை சொன்னது. யந்திரம் இரண்டாம் தடவையும் பில் போட்டது. இரண்டு பக்கமும் சொன்னதைச் செய்தன. யாரைக் குற்றம் சொல்வது?

அப்போதுதான் அம்மணி வாயைத் திறந்தார்.

"ஏந் தம்பி, அந்த ஆர்டர் நம்பர் ஏற்கெனவே எழுதியிருக்கான்னு பார்த்துட்டுத்தானே நான் பில் போடுவேன்? இது பார்க்கறதில்லையா?"

"அதைச் சொல்லிக் கொடுக்கலை, அக்கா."

"சொல்லிக் கொடுத்தாத்தானே தெரியும்?"

முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஒரு புதுக் கட்டம் முளைத்தது: 'இந்த ஆர்டர் எண் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் நிறுத்து.'

"அப்புறம், பாலக்காட்டுக்கு என்ன வரி போடுது?" என்றார் அம்மணி.

மருமகன் பார்த்தார். எல்லா பில்லுக்கும் ஒரே மாதிரி மத்திய வரி பாதி, மாநில வரி பாதி என்று போட்டிருந்தது. கோயமுத்தூருக்குப் பாலக்காடு கூப்பிடு தூரம்தான். ஆனால் சரக்கு எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது, ஆகவே ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். விலாசத்தைப் பார்த்ததுமே அம்மணியின் கை தானாகச் செய்யும் காரியம் அது. எந்தப் புத்தகத்திலும் அவர் எழுதி வைக்கவில்லை. இன்னொரு கட்டம் முளைத்தது: 'சரக்கு போய்ச் சேரும் மாநிலம் எது?'

பின்கோடும் மாவட்டமும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு கட்டம். அதை அம்மணியே கேட்டு வாங்கினார். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரத்தில் பதினோரு கட்டங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் அம்மணியின் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு துண்டு.

எங்கிருந்து வந்தது இந்த வித்தை?

'புரோகிராமர் இல்லாமலே கம்ப்யூட்டரை வேலை வாங்க முடியாதா?' என்ற ஆசை புதிதல்ல. 1979-ல் அமெரிக்காவில் 'விஸிகால்க்' என்ற கட்டக் கணக்குத்தாள் வந்தபோதே அந்த ஆசை பாதி நிறைவேறிற்று. இன்றைய எக்ஸெலுக்கு அது மூத்த அக்காள். 1999-ல் சான் பிரான்சிஸ்கோவில் 'சேல்ஸ்ஃபோர்ஸ்' கம்பெனி ஆரம்பமாகி, வியாபார சாஃப்ட்வேரை இணையத்தின் வழியே வாடகைக்கு விடும் வழக்கத்தைப் பரப்பியது. வாடகை சாஃப்ட்வேர்கள் பெருகவே, அவற்றை ஒட்டுப் போடும் தொழிலும் பிறந்தது. 2011-ல் மிஸூரி மாகாணத்தின் கொலம்பியா நகரில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய 'ஸேப்பியர்' அந்த வகை. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 'ஃப்ளோ' என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2019-ல் அதற்குப் 'பவர் ஆட்டோமேட்' என்று பெயர் மாற்றியது. 'லோ-கோடு' என்ற பெயரைச் சூட்டியது ஃபாரஸ்டர் என்ற ஆராய்ச்சி நிறுவனம், வருஷம் 2014.

பெயர் பிறப்பதற்கு முன்பே பிள்ளை நம் ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1996-ல் தொடங்கி, சென்னையிலும் பிறகு தென்காசிப் பக்கத்திலும் வேரூன்றிய ஸோஹோ நிறுவனம், 2006-லேயே 'ஸோஹோ கிரியேட்டர்' என்ற இத்தகைய சாதனத்தை வெளியிட்டது.

சர்க்காரும் இந்த வழிக்கு வந்தாயிற்று. 2023 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லைச் சர்க்காரின் தளத்தில் பதிந்து, 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளத்தைப் பெற வேண்டும். 64 எழுத்தை யார் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வது? யந்திரமும் யந்திரமும் பேசிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

கோடு இழுக்குமுன்

சொந்தத் தொழில் செய்கிற வாசகர்களுக்கு, அந்தப் பட்டறையில் கற்றுக்கொண்ட சில சங்கதிகள்:

முதலாவது, யாருடைய சாவியால் இணைப்பு திறக்கிறது என்று பாருங்கள். ஒரு சிப்பந்தியின் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் பின்னி வைத்தால், அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை மூடிய அன்றைக்கு எல்லா நூலும் அறுந்துவிடும். கம்பெனியின் பெயரில் வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, சத்தமில்லாமல் நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து. மனிதர் வரவில்லையென்றால் நாற்காலி காலியாகத் தெரியும். இது நின்றால் தெரியாது. தடை ஏற்பட்டால் உடனே இரண்டு பேருக்காவது தகவல் வரும்படி ஒரு கட்டம் போடுங்கள்.

மூன்றாவது, பல தளங்களில் எத்தனை தடவை வேலை நடந்தது என்று எண்ணித்தான் வாடகை வாங்குகிறார்கள். ஓர் ஏடு மாறினால் மற்றொன்றை மாற்று, அது மாறினால் முதல் ஏட்டை மாற்று என்று தெரியாத்தனமாக வட்டம் போட்டுவிட்டால், விடிய விடியச் செக்கு சுற்றும். பில் உங்களுக்கு வரும்.

நான்காவது, பணம் வெளியே போகிற இடத்தில் மட்டும் யந்திரத்தை நிறுத்தி, ஒரு மனிதர் 'சரி' என்று சொன்ன பிறகே மேலே போகச் செய்யுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் இன்னொரு கம்பெனியின் கை வழியாகப் போகிறது என்பதும் நினைவிருக்கட்டும். அவற்றைக் காப்பதற்கென்று 2023-ல் சட்டமே செய்திருக்கிறார்கள்.

கதவு எண் என்ன?

இப்போது அம்மணி ஆறு மணிக்கு வீடு திரும்புகிறார். காலையில் வந்ததும், இரவு நின்றுபோன ஆர்டர்கள் ஏதும் உண்டா என்று பட்டியலைப் பார்க்கிறார். மேஜை மேல் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பென்சிலால் கட்டங்களும் கோடுகளும். எந்தக் கட்டம் எதற்காகப் போட்டது என்று பக்கத்திலேயே குறிப்பு. மருமகன் இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் முதலில் அந்த நோட்டில் அனுமதி வாங்க வேண்டும்!

"அம்மணியை நிறுத்திவிடலாம் என்று தோன்றவில்லையா?" என்று முதலாளியிடம் தனியாகக் கேட்டேன்.

"தோணாம இல்லீங்க" என்றார் அவர், ஒளிக்காமல். "அந்த ஈரோட்டு சமாசாரம் வரைக்கும் தோணுச்சுங்க."

நானும் அங்கேயே என் கைபேசியில், இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டினேன். முதலாளி கொடுத்த காப்பி ஆறுவதற்குள் 'டிங்' என்றது. பில் வந்துவிட்டது, கூரியர் எண்ணும் வந்துவிட்டது. பெயர் சரி, பின்கோடு சரி, வரி சரி. பிரமித்துப் போய் விடைபெற்றேன்.

வாசலைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க! தெருப் பேர் போட்டிருக்கீங்க, கதவு நம்பர் போடலீங்களே?"

சொன்னேன். அம்மணி எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, இன்னொரு கட்டம் போடணும்!" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது.