பெட்டியில் வராத கப்பல்

மரக் கப்பல் மாதிரிகளைப் பெட்டியாக வாங்கிச் செய்பவர்களைப் பார்த்து, "எல்லாம்தான் வெட்டித் தந்துவிடுகிறார்களே, ஒட்டுவதில் என்ன கைத்திறன்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்விதான். குறுக்குச் சட்டங்கள் லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகைகளாக வருகின்றன. குட்டிப் பீரங்கிகள்கூட வார்த்தே வருகின்றன. ஆனால் உடலை மூடும் பலகைகள் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள நேரான பட்டைகளாகவே கிடைக்கின்றன. வேலை அங்கேதான் இருக்கிறது. கப்பலின் நடுவயிற்றில் சுற்றளவு அதிகம், முன்முனையில் குறைவு. எனவே நடுவில் கச்சிதமாகப் பொருந்தும் பட்டைகள் முன்னே போகப்போக ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொன்றையும் அளந்து, முனை நோக்கி இழைத்துக் குறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து வளைக்க வேண்டும். பின்பக்கத்திலோ இடைவெளி விழும்; அதற்கு ஆப்புத் துண்டுகள் செருக வேண்டும். நிஜக் கப்பல் தச்சர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டினார்கள். பல பெட்டிகளில் இரண்டடுக்குப் பலகை இருப்பது புதியவர்களுக்கு ஆறுதல்: முதல் அடுக்கின் கோணல்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இரண்டாவது மறைத்துவிடும்.

இப்படிக் கட்டும்போது கைக்குப் புரியும் கப்பலின் உருவத்தை வரைபடமே சொல்லாதா என்றால், ஓரளவுதான். 1628இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே மூழ்கிய 'வாசா' போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பாரம் மிகுந்ததால் கவிழ்ந்தது என்று ஒரு வரியில் படித்துவிடலாம். அதன் மாதிரியில் இரண்டு பீரங்கித் தளங்களையும், அவற்றுக்கு மேல் உயரும் பின்புறக் கோபுரத்தையும் அடுக்கிப் பார்ப்பவருக்குத்தான் அந்த 'மேல்' எவ்வளவு என்று உறைக்கும். மேசையில் நிற்கும் மாதிரி மிதப்புச் சோதனை அல்ல என்பது உண்மை. ஆனால் உருவத்தின் விகிதம் புரிய அது மிதக்க வேண்டியதில்லை.