தோட்டம் யாருடையது?

2024-ஆம் ஆண்டில் சைம் டார்பி பிளாண்டேஷன் என்னும் பெரிய தோட்டக் கம்பெனி தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. பிள்ளைகளுக்கு இது புதுப் பெயராகத் தோன்றியிருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். "கத்ரியா? நான் பால் வெட்டினதே கத்ரி தோட்டத்துலதானே!" என்று சொல்லக்கூடும். அந்தப் பெயர் போவதற்கு முன்பே அதன் பின்னால் இருந்த முதலாளி மாறிவிட்டார். அது பாட்டிக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம்.

மரம் அதே மரம், நிரை அதே நிரை, விடியற்காலைப் பிரட்டும் அதேதான். முதலாளி யாராக இருந்தால் நமக்கென்ன? நியாயமான கேள்வி. இன்றைய உரை அதைப் பற்றியதே.

முதலில் கம்பெனி என்றால் என்னவென்று பார்ப்போம். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காடு அழிக்கவும், சாலை போடவும், லயம் கட்டவும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அத்தனை ஆண்டும் பணம் வேண்டும். வரவோ ஒரு காசும் இராது. இது தனி ஒருவரால் ஆகிற காரியமா? ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்ட காலத்தில், லண்டன் நகரில் கம்பெனிகளைத் தொடங்கிப் பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார்கள். அப்படிப் பணம் போட்டவருக்குக் கிடைத்த உரிமைச் சீட்டுத்தான் பங்கு. இலாபம் வந்தால் பங்குக்கு ஏற்ற ஈவு கிடைக்கும். பங்கு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் மரத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. நம் மூத்தோர் நடுங்கிக்கொண்டு நின்ற துரைகூட, உண்மையில் மாதச் சம்பளம் வாங்கிய ஓர் ஊழியரே. அவருக்கு மேலே கத்ரி போன்ற நிர்வாக நிறுவனங்கள் இருந்தன. அலெக்சாண்டர் கத்ரி சிங்கப்பூரில் தம் வாணிபத்தைத் தொடங்கியது 1821-இல். ரப்பர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பங்குகளைச் சந்தையில் விற்கலாம், வாங்கலாம். பாதிக்கு மேல் பங்கு யார் கையில் சேருகிறதோ, அவர் சொல்கிறவர்களே கம்பெனியின் இயக்குநர்கள். ஆகவே, ஒருவர் தோட்டத்து மண்ணை மிதிக்காமலே தோட்டத்துக்கு முதலாளியாகிவிட முடியும்.

ஆனால் 1950-களில் நம் மக்கள் கண்ட விற்பனை வேறு வகையானது. அப்போது பங்கை விற்கவில்லை, நிலத்தையே விற்றார்கள். நாடு விடுதலையை நோக்கிச் சென்ற காலம் அது. எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய சில வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போக விரும்பின. உள்ளூர் வியாபாரிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து வாங்கினார்கள். வாங்கியது தோட்டம் நடத்துவதற்கா? கணக்கைப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன்: 1,000 ஏக்கர் தோட்டத்தை ஏக்கர் 800 வெள்ளி வீதம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 8 இலட்சம். அதையே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் எனத் துண்டுபோட்டால், சிறு நிலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏக்கருக்கு 1,200 வெள்ளி தருவார்கள். வரவு 12 இலட்சம். ஒரு மரம் நடாமல், ஒரு வாளிப் பால் எடுக்காமல் 4 இலட்சம் இலாபம்! மொத்தமாக விற்றால் குறைந்த விலை, சில்லறையாக விற்றால் கூடிய விலை. மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையில் செய்வதை இவர்கள் தோட்டத்தில் செய்தார்கள்.

இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றோம். அரிசி மூட்டையில் ஆட்கள் குடியிருப்பதில்லை, தோட்டத்தில் இருந்தார்கள். ஐந்து ஏக்கர்க்காரருக்குத் தண்டல் எதற்கு, கிராணி எதற்கு, மருந்தகம் எதற்கு? குடும்பத்தோடு தாமே வெட்டிக்கொள்வார்; இல்லையென்றால் குத்தகைக்கு ஆள் வைப்பார். ஆயாக்கொட்டகை மூடப்பட்டது. லயம் யாருடைய துண்டில் இருந்ததோ அவருடையதாயிற்று. வேலை போனபோது வீடும் சேர்ந்தே போயிற்று. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். பிற்பாடு, பெரிய தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்திலேயே விதி வந்தது. அதற்குள் கலைந்த குடும்பங்கள் கலைந்தவைதாம்.

சட்டம் வரட்டும் என்று காத்திராமல் ஒருவர் வேறு வழி யோசித்தார். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து வாங்க முடியுமானால், வெட்டுகிறவர்கள் ஏன் கூட்டுச் சேர்ந்து வாங்கக் கூடாது? அவர்தாம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். அப்போது அவர் அமைச்சர்; மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரும்கூட. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரே தடவையில் 100 வெள்ளி எடுத்து வைக்கத் தோட்டத்தில் யாரால் முடியும்? பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார்கள். துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். இது நடக்கிற காரியமா என்று தலையாட்டிச் சிரித்தவர்களும் உண்டு. மறு ஆண்டிலேயே, 1961-இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 ஏக்கர். பின்னர் ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன. 1979-இல் மறையும் வரை துன் சங்கத்துக்காக உழைத்தார்.

கூட்டுறவுக்கும் கம்பெனிக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு: ஆயிரம் பங்கு உள்ளவருக்கு ஆயிரம் வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பணமுள்ளவர் வந்தாலும் பாதிக்கு மேல் பங்கை வாங்கிக்கொண்டு சங்கத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. துண்டாடலை நேரில் கண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது என் கருத்து.

இனி, பாட்டிக்குத் தெரியாமல் நடந்த கதைக்கு வருவோம். 1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. நம் நாட்டில் மாலை நேரம். பால் நிறுத்து முடிந்து எல்லாரும் வீடு சேர்ந்திருப்பார்கள். லண்டனில் அப்போதுதான் காலை. பங்குச் சந்தை தொடங்கும் வேளை. நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனலின் சார்பில் தரகர்கள், கத்ரி பங்குகளை மொத்தமாக வைத்திருந்தவர்களை அணுகி, நல்ல விலை சொல்லி வாங்கத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் தலைவர் துன் இஸ்மாயில் முகமது அலி. முன்பே சிறிது சிறிதாக வாங்கி வைத்திருந்த பங்கும் கையில் இருந்தது. நான்கு மணி நேரம் கூட ஆகவில்லை. பாதிக்கு மேல் பங்கு மலேசியாவின் கைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஏக்கர் தோட்டம்! ஒரு வேலிக்கல் நகரவில்லை. இதை 'விடியற்காலைத் தாக்குதல்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் அதிர்ந்துபோய்ப் பங்குச் சந்தையின் விதிகளையே இறுக்கினார்கள். 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன.

நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள், ஐயமில்லை. ஆனால் அதே 1981-இல் தொடங்கப்பட்ட அமானா சஹாம் நேஷனல் பூமிபுத்ராக்களுக்கானது. பெர்மோடாலான் நேஷனலின் திட்டங்களில் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய வாவாசான் 2020 வந்தது 1996-இல். அமானா சஹாம் மலேசியா 2000-இல். அந்தத் தோட்டங்களில் வெட்டிக்கொண்டிருந்த நம் குடும்பங்கள் பதினைந்து ஆண்டுகள் வெளியிலிருந்து பார்த்தன.

கூட்டுறவையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தில் பங்கு வைத்திருந்த பலர் வேலை செய்தது வேறு கம்பெனியின் தோட்டத்தில். ஈவு இங்கிருந்து வந்தது. கூரை அங்கே இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நகரம் நெருங்கி வந்து தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோதும், பெட்டியிலிருந்த பங்குச் சீட்டு லயத்து வீட்டைக் காப்பாற்றவில்லை. வீட்டுரிமைக்குத் தனியாகவே போராட வேண்டியிருந்தது.

ஆகவே, தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது இது: விற்கப்படுவது பங்கா, நிலமா? பங்கு கைமாறினால், சட்டப்படி உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி அதேதான். உங்கள் சேவைக் காலம் அறுபடாது. தோட்டத்தையே வேறு கம்பெனி வாங்கினால் நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்த இழப்பீட்டு விதிகள் உள்ளன. புது முதலாளி, கைமாறிய ஏழு நாட்களுக்குள், முன்பைவிடக் குறையாத நிபந்தனையில் உங்களுக்கு வேலை தர முன்வர வேண்டும். முன்வராவிட்டால் உங்களுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு இது உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு வேலை செய்த அம்மாவுக்கு 240 நாள் சம்பளம். நாள் சம்பளம் 60 வெள்ளி என்றால் 14,400 வெள்ளி. நல்ல நிபந்தனையில் வந்த வேலையைக் காரணமில்லாமல் மறுத்துவிட்டால் இது கிடைக்காது. அதையும் நினைவில் வையுங்கள்.

வேலை தரும் கம்பெனி மாறியதா, வெறும் பெயர்தான் மாறியதா என்று எப்படி அறிவது? கம்பெனி அனுப்பும் கடிதத்தின் தலைப்பில், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் புதியதன் அருகில் வைத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே தொழிற்சங்கக் கிளைத் தலைவரையோ தொழிலாளர் இலாகாவையோ போய்ப் பாருங்கள்.